இழுக்காதீங்க, பிடிங்க!

டாக்டரம்மா, நான்தான், உன்னைப் பெற்றவள். மில்லின் கயிறு இழுக்கும் அணியில் கடைசி ஆளாக நின்றவள் என்று சொன்னால் இன்னும் கௌரவமாக இருக்கும். நீ குடை வாங்கப் பெரிய மார்க்கெட் பக்கம் போயிருக்கிறாய். மாஹேயில் மழை நம்மூர் மாதிரி வந்துவிட்டுப் போகாது, வந்தால் உட்கார்ந்துகொள்ளும் என்று யாரோ உன்னிடம் சொன்னார்களாம். நீ திரும்பி வருவதற்குள் இதை எழுதி உன் பெட்டியில் புடவைகளுக்கு நடுவே செருகிவிடப் போகிறேன். நேரில் சொல்லலாமே என்பாய். நேரில் ஆரம்பித்தால் பாதியிலேயே "தெரியும்மா, விடும்மா" என்று எழுந்துவிடுவாய். காகிதத்திடம் அந்தப் பாச்சா பலிக்காது. ரயிலில் உனக்கு வேறு வேலையும் இல்லை. அதனால் நிதானமாகப் படி.

உனக்கு மாஹே ஆஸ்பத்திரிக்கு ஆர்டர் வந்த நாளிலிருந்து மூலக்குளத்தில் பாதிப் பேர் என்னிடம் துக்கம் விசாரிக்கிறார்கள். எதிர்வீட்டம்மா வந்து, "ஏங்க, வயசுப் பொண்ண அந்தக் கோடிக்கு அனுப்புறீங்களே, இங்க இல்லாத ஆஸ்பத்திரியா? யாரையாச்சும் புடிச்சு மாத்திக்கக் கூடாதா?" என்று கேட்டாள். "மாஹேவும் நம்ம பாண்டிச்சேரி தாங்க, நடுவுல கொஞ்சம் இந்தியா இருக்குது, அவ்ளோதான்" என்றேன். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. தனியாக இருந்துவிடுவாளா, பாஷை தெரியாத ஊரில் பயப்பட மாட்டாளா என்று அடுக்கிக்கொண்டே போனாள். உன்னைப் பற்றி எனக்குப் பயமே இல்லை என்று சொன்னால் இவளுக்குப் புரியுமா என்று யோசித்தேன். எனக்கு ஏன் பயமில்லை என்பது உனக்காவது தெரிய வேண்டும். அதற்குத்தான் இந்தக் கடிதம். நீ உயிரைக் கொடுத்துக் கத்தின ஒரு சாயங்காலத்தைப் பற்றி உனக்கே நான் சொல்லப் போகிறேன், ஏனென்றால் நீ உன்னை அன்று பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

முதல் எம்.பி.பி.எஸ். பரீட்சையில் நீ பிசியாலஜியில் தோற்ற வருஷம் அது. பதினொன்றாம் வகுப்பு வரைக்கும் தமிழில் படித்துவிட்டுத் திடீரென்று எல்லாவற்றையும் இங்கிலீஷில் நெட்டுருப் போட்டாய். எழுத்துப் பரீட்சை எப்படியோ ஒப்பேறிவிட்டது. வாய்மொழித் தேர்வில் தசையைப் பற்றிக் கேட்டார்கள், நீ ஒரு பக்கத்தை அப்படியே ஒப்பித்தாய். கேட்டுக்கொண்டிருந்த பெரியவர், "பையைத் தூக்கிக்கொண்டு அசையாமல் நிற்கிறாய். பை நகரவில்லை. பின்னே ஏன் உன் கை வலிக்கிறது?" என்று கேட்டாராம். உனக்கு வாய் அடைத்துப் போயிற்று. இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், நான் அடுக்களையில் சங்கரா மீன் ஆய்ந்துகொண்டிருந்தபோது நீ வந்து வாசற்படியில் சாய்ந்து நின்றதுதான்.

"மா, எனக்கு இது வராது. நான் காலேஜுக்குப் போவலை. டைப்ரைட்டிங் கத்துக்கிறேன். உன் மில்லு ஆபீஸ்லயே வேலை கெடைக்கும்" என்றாய்.

"இன்னாடி பேசுற? ஒரு பரீட்சை போனா திரும்ப எழுதிக்க வேண்டியதுதான்."

"திரும்ப எழுதினாலும் போவும். எனக்குத் தெரியும்மா. மண்டையில ஏறலை."

நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டுப் பேசினேன், கெஞ்சினேன், திட்டினேன். உன் அப்பா அன்று விழுப்புரம் கடைசி டிரிப் முடித்துவிட்டு வந்தார். பஸ்ஸில் ஐம்பது பேரை அதட்டி உள்ளே தள்ளுகிற கண்டக்டர், வீட்டில் உன்னிடம் மட்டும் குரலே எழும்பாது அவருக்கு. "பாப்பா, யோசிச்சு சொல்லு" என்று மட்டும் சொல்லிவிட்டு விசிலைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து ஆணியில் மாட்டினார். நீ யோசித்தாகிவிட்டது என்றாய். ஒரு வாரம் சோறு இறங்கவில்லை எனக்கு. மில்லில் நூல் அறுந்தது கூடத் தெரியாமல் சும்மா சுற்றிக்கொண்டிருந்த ராட்டையைப் பார்த்து மேஸ்திரி கத்தினார்.

அப்போதுதான் மில்லில் வருஷாந்திர விளையாட்டு வந்தது. ஆண்களுக்கு ஓட்டம், குண்டு எறிதல், கயிறு இழுத்தல். எங்களுக்கு வழக்கம்போல் எலுமிச்சம்பழத்தைக் கரண்டியில் வைத்து நடக்கிற போட்டி. அந்த வருஷம் ஸ்பின்னிங் அணியில் தடிமனான ஆளுக்குக் கால் முறிந்துவிட்டது, அவர்கள் விலகிக்கொண்டார்கள். ஆபீஸ் அணிக்கு எதிரில் ஆளில்லை. இழுக்காமலேயே ஜெயித்ததாக எழுதிக்கொள்ளப் போகிறார்கள் என்று கேண்டீனில் பேச்சு. மேரிக்காவுக்கு அது பொறுக்கவில்லை. மேரிக்காவை உனக்குத் தெரியும், நூலைச் சிட்டம் போடும் ரீலிங் பிரிவில் எங்களுக்கெல்லாம் மூத்தவள், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சொல்தாவின் மகள், நடையிலேயே அணிவகுப்பு இருக்கும். "நாம நிப்போம்டி" என்றாள். "அவனுங்க பேனா புடிக்கிற கை. நாம எட்டு மணி நேரம் நிக்கிற காலு." கமிட்டிக்காரர்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். வேடிக்கைக்கு இருக்கட்டும் என்று பெயரை எழுதிக்கொண்டார்கள்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து உன்னிடம் பந்தயம் கட்டினேன். "நாங்க ஆபீஸ் டீமை ஜெயிச்சுட்டா நீ பரீட்சை எழுதணும். தோத்துட்டா உன் இஷ்டம், நானே கூட்டிட்டுப் போயி டைப்ரைட்டிங்ல சேத்து விடுறேன். அதுக்கப்புறம் ஒரு வார்த்தை பேச மாட்டேன்." நீ முதல் தடவையாக அந்த வாரத்தில் சிரித்தாய். "மா, அவங்கல்லாம் ஆம்பளைங்க." "தெரியுது, கண்ணு இருக்குது எனக்கு." "சரி, பந்தயம்" என்று என் கையில் அடித்தாய். உனக்கு அது இலவசமாகக் கிடைத்த வெற்றி. எனக்கு அது ஒன்றுதான் மிச்சம் இருந்த வழி. எட்டுப் பேரில் ஏழு பேர் மானத்துக்காகக் கயிற்றைப் பிடித்தார்கள். நான் உன் படிப்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அப்பா கனகசெட்டிக்குளம் மீனவர் குப்பத்தில் தெரிந்தவர் ஒருவரிடம் கேட்டுத் தாம்புக்கயிறு ஒன்று கொண்டுவந்தார். அதைத் தொட்ட கை மூன்று சோப்புக்கு மீன் நாறும். நம் வீட்டுக்குப் பின்னால் தோப்பில் பெரிய தென்னைமரத்தில் அதைக் கட்டி, ஷிஃப்ட் முடிந்து எட்டுப் பேரும் இழுத்தோம். மேரிக்கா தன் அப்பா சொல்லிக்கொடுத்த மாதிரி ஒன்று, இரண்டு, மூன்றைப் பிரெஞ்சில் "அன்... தெ... த்ருவா!" என்று எண்ணுவாள், த்ருவாவுக்கு எல்லோரும் சேர்ந்து ஒரே இழுப்பு. மரம் அசையுமா? அது பாட்டுக்கு நின்றது. நாங்கள்தான் மூச்சு வாங்கி விழுந்தோம். முதல் நாள் பயிற்சி முடிந்து வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன், தட்டைக்கூடத் தூக்க முடியவில்லை. உன்னைப் பார்த்து, "ஏன்டி பாப்பா, மரம் ஒரு அங்குலம் நகரலையே, பின்ன ஏன்டி கை இப்படி வலிக்குது?" என்று கேட்டேன்.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா? கையிலிருந்த டம்ளரை டங்கென்று வைத்தாய். "நீயுமா?" என்றாய். "அந்த ஆளும் இதையேதான் கேட்டாரு!" என்று அழுதாய். எனக்கு ஒன்றும் புரியவில்லை. வாய்மொழித் தேர்வில் நடந்ததை அப்போதுதான் சொன்னாய். நான், "அவரு கேட்டதுக்கு இங்கிலீஷ்ல சொல்ல வரலை. நான் கேட்டதுக்குத் தமிழ்ல சொல்லேன். எனக்கென்ன மார்க் போடற வேலையா இருக்குது?" என்றேன். நீ மூக்கைத் துடைத்துக்கொண்டு, வேண்டாவெறுப்பாக, உன் இரண்டு கை விரல்களையும் ஒன்றுக்குள் ஒன்று நுனியில் செருகினாய். இதோ, என்றாய். விரல்களை இன்னும் உள்ளே நுழைத்தாய். இரண்டு உள்ளங்கைகளும் நெருங்கி வந்தன.

"வெரலு எதுவும் குட்டையாவலை பாரு. ஒண்ணுக்குள்ள ஒண்ணு நுழைஞ்சுது, அவ்ளோதான். தசைக்குள்ள இப்படித்தான் தடிப்பு இழையும் மெலிசு இழையும் மாத்தி மாத்தி அடுக்கி இருக்கும். தடிப்பு இழையில குட்டிக் குட்டித் தலைங்க நீட்டிக்கிட்டு இருக்கும். மூளையிலேர்ந்து நரம்பு வழியா உத்தரவு வந்ததும் உள்ள பூட்டி வெச்சிருக்கற கால்சியம் வெளிய வரும், மெலிசு இழையில கொக்கி மாட்டற இடம் தெறக்கும். அந்தத் தலைங்க போய் மாட்டிக்கும், மடங்கும், இழுக்கும், விடும், திரும்ப அடுத்த இடத்துல மாட்டும்."

"கெணத்துலேர்ந்து வாளி இழுக்கற மாதிரியா? ஒரு கை புடிக்கும், ஒரு கை விட்டு முன்னால போவும்?"

நீ என்னை நிமிர்ந்து பார்த்தாய். "ஆமா. அதே மாதிரிதான். ஆனா ரெண்டு கை இல்லை, கோடிக்கணக்குல கை. எல்லாம் ஒண்ணா விடாது. சிலது விடும்போது மத்ததெல்லாம் புடிச்சுக்கிட்டு இருக்கும். அதனாலதான் நழுவாது." சொல்லிவிட்டு விரல்களைப் பிரித்து மறுபடி செருகினாய். பிறகு மெதுவாக, எனக்குச் சொல்கிற மாதிரி இல்லாமல் உனக்கே சொல்கிற மாதிரி, "மரம் நகரலைன்னாலும் அந்தத் தலைங்க சும்மா இல்லை. மாட்டறதும் விடறதுமா ஓடிக்கிட்டே இருக்கும். ஒவ்வொரு தடவைக்கும் சத்து செலவாவுது. அதாம்மா களைப்பு, அதாம்மா வலி" என்றாய். பரீட்சையில் அடைத்துக்கொண்ட வாய் அடுக்களையில் திறந்துகொண்டது. நான் என் சந்தோஷத்தைக் காட்டிக்கொள்ளவில்லை. வேண்டுமென்றே, "பொருளு நகரலைன்னா வேலையே நடக்கலைன்னு உன் ஸ்கூல் பிசிக்ஸ் வாத்தியாரு சொல்லுவாரே, அவர ஒரு நாள் ரெண்டு குடம் தண்ணிய இடுப்புல வெச்சிக்கிட்டு நிக்கச் சொல்லு" என்றேன்.

இன்னொன்றும் அன்றைக்குச் சொன்னாய். புடிக்கறதுக்குத்தானே சத்து செலவாவுது என்று நான் கேட்டதற்கு, இல்லை என்று தலையாட்டினாய். "மாட்டின தலை அப்படியே மாட்டிக்கிட்டு நிக்க சத்து வேணாம்மா. அத விடுவிக்கத்தான் புது சத்து வந்து ஒட்டணும். செத்தவங்க ஒடம்பு வெறைச்சுப் போவுதே, ஏன் தெரியுமா? விடறதுக்குச் சத்து இல்லை. எல்லாத் தலையும் புடிச்சது புடிச்சபடி நின்னுடும்."  புளிக்குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். பிடிப்பது கஷ்டம், விடுவது சுலபம் என்று அதுவரை நினைத்திருந்தவள் நான்.

அதற்குப் பிறகு தினமும் நான் பயிற்சி முடித்து வந்து ஒரு கேள்வி கேட்பேன், நீ பதில் சொல்லுவாய். வேகமாக வெடுக்கென்று இழுத்தால் ஏன் பலம் வருவதில்லை என்றால், தலைகள் சரியாக மாட்டுவதற்குள் இழை ஓடிவிடுகிறது என்பாய். வேகம் கூடக்கூட மாட்டிக்கொண்டிருக்கும் தலைகள் குறைவு, பலமும் குறைவு. ஆனால் எதிராளி இழுக்கும்போது நாம் இழுக்காமல் தாக்குப்பிடித்தால் அதே தசை இன்னும் அதிகப் பாரத்தைத் தாங்கும் என்றாய். முழங்கையை முழுக்க மடக்கினால் இழைகள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும், பலம் போய்விடும் என்றாய். எல்லாம் சொன்னாய். இதையெல்லாம் கயிற்றில் எப்படிச் செய்வது என்று மட்டும் சொல்லவில்லை. ஒரு நாள் கேட்டேன். "அது உங்க பந்தயம், நான் எதிர்க்கட்சி" என்று சிரித்துக்கொண்டே எழுந்துபோனாய். கெட்டிக்காரி.

போட்டி நாள் சாயங்காலம். மில் மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தது. ஒலிபெருக்கி காது கிழிய அலறிக்கொண்டிருந்தது. எட்டுப் பேரும் புடவையைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு வெறுங்காலோடு வந்தோம், கூட்டம் விசில் அடித்தது. ஆபீஸ்காரர்கள் அரைக்கால் சட்டையும் பளபளவென்று ஷூவுமாக நின்றார்கள். அவர்களுக்கு முன் ஆள் தலைமைக் கிளார்க். பழைய பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர் என்பதால் மில்லே அவரை முசியே என்றுதான் கூப்பிடும். நீ அப்பாவோடு ஓரத்தில் நின்றிருந்தாய், கையைக் கட்டிக்கொண்டு, தியேட்டரில் படம் பார்க்க வந்தவள் மாதிரி. அப்பா யூனிபாரத்தோடு வந்திருந்தார், ஒரு டிரிப்பை வேறு ஒருவரிடம் மாற்றிக்கொண்டு.

மூன்று இழுப்பில் இரண்டை ஜெயிக்க வேண்டும். முதல் இழுப்பில் நாங்கள் மண்ணைக் கவ்வினோம். நிஜமாகவே கவ்வினோம், என் வாயில் புல் இருந்தது. மேரிக்கா "அன்... தெ..." என்று எண்ணும்போது நாங்கள் மூச்சை இழுத்துக் கையைக் கொஞ்சம் தளர்த்துவோம், த்ருவாவுக்கு மொத்தமாக இழுக்க வேண்டுமே, அதற்கு. வேறெந்த ஊராக இருந்தாலும் அந்த எண்ணிக்கை எதிரிக்கு விளங்கியிருக்காது. இது பாண்டிச்சேரி. முசியே முதல் தடவை கேட்டார், இரண்டாவது தடவை "தெ" என்றதும் தன் ஆட்களுக்குக் கண்ணைக் காட்டினார். நாங்கள் தளர்ந்த அந்தக் கணத்தில் வெடுக்கென்று ஒரு இழுப்பு. எட்டுப் பேரும் குப்புற விழுந்தோம். முசியே கைக்குட்டையால் கையைத் துடைத்துக்கொண்டு, "மெர்சி, மதாம். அழகா எண்ணுறீங்க" என்றார். மைதானமே சிரித்தது. மேரிக்கா முகம் கறுத்துப் போயிற்று.

எழுந்து நிற்கும்போது நான் உன்னைப் பார்த்தேன். நீ சிரிக்கவில்லை. இன்னும் ஒன்று தோற்றால் முடிந்தது, நீ கேட்டது உனக்குக் கிடைத்துவிடும். நீ கட்டின கையை அவிழ்த்தாய். ஒரு அடி முன்னால் வந்தாய், நின்றாய், திரும்ப அப்பாவைப் பார்த்தாய். உன் உதடு எதையோ முணுமுணுத்தது. பிறகு கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு சுண்ணாம்புக் கோட்டுக்கே ஓடிவந்தாய்.

"மா! மேரிக்கா! எண்ணாதீங்க! எண்ணுறதாலதான் எல்லாரும் ஒரே நேரத்துல விடுறீங்க! இழுக்காதீங்க, பிடிங்க! பிடிச்சுக்கிட்டே இருங்க! அவங்க இழுத்துக் களைக்கட்டும்!"

மேரிக்கா உன்னை முறைத்தாள். "கயிறு இழுக்கற போட்டியில இழுக்கக் கூடாதாமே! இன்னாடி சொல்லுது உன் பொண்ணு?"

"கோடிக்கணக்குல கை இருந்தாலும் ஒண்ணா விடாது மேரிக்கா, அதத்தான் சொல்லுது" என்றேன் நான். எனக்கு அந்தக் கணத்தில் புரிந்துவிட்டது. நீ மண்டியிட்டு உட்கார்ந்து மளமளவென்று சொன்னாய். கை நீட்டி இருக்கட்டும், மடக்காதீங்க. குதிகாலை மண்ணுல குத்திச் சாஞ்சுக்குங்க. பின்னால போவணும்னா ஒண்ணுவிட்டு ஒருத்தர் காலை மாத்துங்க, மத்தவங்க புடிச்சுக்கிட்டு இருங்க. நிக்கிற வேலை செய்யற காலுங்க உங்களுது, சீக்கிரம் களைக்காது. மூச்சுவிடாமல் சொன்னாய், பாப்பா. ஒரு இடத்தில்கூடத் திக்கவில்லை. யார் உன்னைக் கேட்டார்கள் ஒப்பிக்கச் சொல்லி?

இரண்டாவது இழுப்பு. ஆபீஸ்காரர்கள் இழுத்தார்கள். நாங்கள் பிடித்தோம். அவ்வளவுதான். கயிறு கொஞ்சம் அவர்கள் பக்கம் போயிற்று, நின்றது. திரும்ப வெட்டி இழுத்தார்கள். தொடை நரம்பு தெறித்துவிடும் போல் இருந்தது எனக்கு, ஆனால் நழுவவில்லை. உள்ளே கோடிக்கணக்கான தலைகள் மாட்டிக்கொண்டும் விட்டுக்கொண்டும் இருப்பதை நினைத்துக்கொண்டேன், நம்பினால் நம்பு, அந்தத் தலைகளெல்லாம் எங்கள் ரீலிங் பெண்கள் மாதிரியே எனக்குத் தோன்றின. கொஞ்ச நேரத்தில் ஆபீஸ்காரர்களின் ஷூ புல்லில் வழுக்க ஆரம்பித்தது. முசியேவின் கழுத்து சிவந்தது. நாங்கள் ஒருவர் விட்டு ஒருவர் காலை மாற்றினோம். ஒரு முழம், இன்னொரு முழம். சத்தமே இல்லாமல் அவர்களைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் கொண்டுவந்து சேர்த்தோம். கேண்டீன்காரர் தட்டை எடுத்துத் தாளம் போட்டார்.

மூன்றாவதில் முசியே சுதாரித்துக்கொண்டார். படித்த மனிதர் அல்லவா. அவர்களும் இழுக்காமல் பிடிக்க ஆரம்பித்தார்கள். கயிறு அந்தரத்தில் விறைத்துக்கொண்டு நின்றது, அந்தப் பக்கமும் நகரவில்லை, இந்தப் பக்கமும் நகரவில்லை. பார்க்கிறவர்களுக்கு ஒன்றுமே நடக்கவில்லை. எங்களுக்குத்தான் தெரியும் உள்ளே என்ன நடக்கிறது என்று. அப்போது நீ அப்பாவிடம் ஓடினாய். அவர் சட்டைப் பையில் கையை விட்டு விசிலைப் பிடுங்கினாய். எங்களுக்கு நேரே வந்து நின்று மேரிக்காவைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாய். "மேரிக்கா, எண்ணுங்க!" என்றாய். "நான் ஊதற வரைக்கும் யாரும் இழுக்காதீங்க!" என்று உதட்டை மட்டும் அசைத்தாய். மேரிக்கா பட்டாளத்துக்காரன் மகள், அதற்கு மேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை. தொண்டை கிழிய "அன்... தெ..." என்றாள்.

முசியேவால் தாங்க முடியவில்லை. "தெ" காதில் விழுந்ததும் எட்டு ஆண்களும் உடம்பையெல்லாம் போட்டு வெட்டி இழுத்தார்கள். நாங்கள் தளரவே இல்லை. மேரிக்கா நிறுத்தாமல் திரும்பவும் எண்ணினாள், திரும்பவும் இழுத்தார்கள். மூன்றாவது தடவை அவர்கள் இழுப்பில் உயிரில்லை, கயிற்றிலேயே தெரிந்தது. அப்போது ஊதினாய். ரெண்டு விசில். விழுப்புரம் ரோட்டில் பஸ் ஏறின எவளுக்கும் அதற்கு அர்த்தம் தெரியும். போலாம்! எட்டுப் பேரும் போனோம் பாப்பா, சாதாரணமாகப் போகவில்லை, கயிறும் ஆபீஸும் முசியேவும் பின்னால் வரப் போனோம். கோடு எங்கே வந்தது என்று எனக்குத் தெரியாது. மைதானத்தின் முனையில் வேலியில் முட்டிக்கொண்டபோதுதான் நின்றேன். திரும்பிப் பார்த்தால் ஆபீஸ் அணி மொத்தமும் புல்லில் உட்கார்ந்திருக்கிறது.

முசியே நல்ல மனிதர். எழுந்து, ஷூவிலிருந்து புல்லைத் தட்டிக்கொண்டு, "பிராவோ, மதாம்" என்று மேரிக்காவுக்குக் கை கொடுத்தார். உன்னிடம் வந்து, "விசில் ஊதறது ரூல்ல உண்டா?" என்றார். "ஊதக் கூடாதுன்னு ரூல்ல இல்லியே முசியே" என்றாய். அவர் சிரித்துவிட்டு, "நீ யாரு பொண்ணு?" என்று கேட்டார். நீ தலையை நிமிர்த்தி, "கடைசி ஆள் பொண்ணு" என்று என்னைக் காட்டினாய். எனக்கு எத்தனையோ பேர் எத்தனையோ மரியாதை செய்திருக்கிறார்கள். அதற்கு ஈடாக எதையும் நான் சொல்ல மாட்டேன். பரிசு கொடுக்கும்போதுதான் கூத்து. பெண்கள் ஜெயிப்பார்கள் என்று யாரும் நினைக்காததால் ஆளுக்கொரு ஷேவிங் செட் வாங்கி வைத்திருந்தார்கள். எட்டுப் பெண்களும் மேடையேறி ஷேவிங் செட் வாங்கிக்கொண்டு இறங்கினோம். உன் அப்பா இன்றைக்கும் அந்தப் பிரஷ்ஷில்தான் நுரை போடுகிறார், தினமும் காலையில் என் வெற்றியை முகத்தில் பூசிக்கொண்டு வேலைக்குப் போகிறார்.

வீட்டுக்கு வரும் வழியில் உன்னைச் சீண்டினேன். "தோத்துட்டியேடி பந்தயத்துல." நீ என் தோளில் சாய்ந்துகொண்டு நடந்தாய். "ஆமாம்மா, தோத்துட்டேன்" என்றாய், ஏதோ லாட்டரி அடித்தவள் மாதிரி. "நாளைக்குக் காலேஜுக்குப் போறேன்" என்றாய்.  நான் ஜெயித்து உன்னை அனுப்பினேன் என்று ஊரில் சொல்லிக்கொண்டு திரிகிறேன், அது உனக்கும் தெரியும். உண்மையில் நீ வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அன்றைக்கு நாங்கள் தோற்றிருப்போம், உனக்கு டைப்ரைட்டிங் கிடைத்திருக்கும். தெரிந்ததைச் சொல்லாமல் இருக்க உன்னால் முடியவில்லை. அந்த இடத்தில் நீ டாக்டர் ஆகிவிட்டாய். அதற்குப் பிறகு நீ எழுதின பரீட்சையும் வாங்கின பட்டமும் எல்லாம் பாக்கி வேலை.

அதனால்தான் எனக்குப் பயமில்லை. மாஹேயில் பாஷை புரியாது, பெரிய டாக்டர்கள் புதிதாக வந்தவளை வெடுக்கென்று இழுத்துப் பார்ப்பார்கள். அவர்கள் எண்ணிக்கைக்கு நீ தளராதே. அவசரப்பட்டு வெட்டி இழுக்காதே, பிடித்துக்கொண்டு நில். களைப்பாக இருந்தால் பக்கத்தில் இருப்பவளைப் பிடிக்கச் சொல்லிவிட்டு நீ காலை மாற்றிக்கொள், எல்லாவற்றையும் ஒருத்தியே சுமக்க வேண்டும் என்று எந்தத் தசையும் நினைப்பதில்லை. வேளாவேளைக்குச் சாப்பிடு. மீன் அங்கேயும் கிடைக்கும், ஆனால் தேங்காயெண்ணெயில் வறுப்பார்களாம், அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது. கல்யாணத்தைப் பற்றி யார் எழுதினாலும் பதில் எழுதாதே, என்னிடம் அனுப்பிவிடு, நான் பார்த்துக்கொள்கிறேன்.

நாளைக் காலை உன்னை ரயிலுக்குக் கொண்டுபோகும் விழுப்புரம் பஸ் மூலக்குளம் நிறுத்தத்துக்கு வரும். அதில் கண்டக்டர் உன் அப்பா, வேண்டுமென்றே அந்த டிரிப்பைக் கேட்டு வாங்கியிருக்கிறார், உனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். உன்னைச் சன்னலோரம் உட்கார வைப்பார், பெட்டியை நாலு தடவை இடம் மாற்றி வைப்பார், பிறகு விசிலை வாயில் வைத்துக்கொண்டு ஊதாமலே நிற்பார். டிரைவர் திரும்பித் திரும்பிப் பார்ப்பார். இவரைப் பெற்று வளர்த்தவர்கள் இவரை எதற்குக் கண்டக்டர் ஆக்கினார்களோ. நான் கீழே நின்று சன்னல் கம்பி வழியாக உன் கையைப் பிடித்துக்கொண்டிருப்பேன். கெட்டியாகத்தான் பிடிப்பேன், வலித்தாலும் நீ சொல்ல மாட்டாய். பிறகு விடுவேன். விடுவதற்குத்தான் சத்து வேண்டும் என்று நீ சொன்ன நாளிலிருந்து அதைச் சேர்த்துக்கொண்டு வருகிறேன், என்னிடம் நிறைய இருக்கிறது. உன் அப்பா வாயிலிருந்து அந்த விசிலைப் பிடுங்கி நானே ஊதப் போகிறேன், ஊரே திரும்பிப் பார்க்கிற மாதிரி, ரெண்டு விசில்.